கோடு விழுந்த பெயர்கள்

அம்மாவின் பதின்மூன்றாவது மனு சாப்பாட்டு மேஜை மேல் இருந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காதபடி உப்பு ஜாடியை அதன் மேல் வைத்திருந்தாள்.

முந்தைய பன்னிரண்டு மனுக்களிலும் கேள்வி ஒன்றுதான். இரண்டு வருடம் முன்பு ஆறு ஊருக்குள் வந்த அன்று, என் வீட்டுக்கு ஏன் படகு வரவில்லை?

பன்னிரண்டு முறை பதில் வந்தது. பதிலும் ஒன்றுதான். தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.

"இதை எழுதுறவனுக்குக் கை கூசாதா?" அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "ஒரு எழுத்தையாவது மாத்துறானா பாரு. கல்லு மாதிரி உக்காந்திருப்பான் போல."

மகள் டீயைக் குடித்தாள். சூடு நாக்கைச் சுட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

எழுதுவது அவள்தான். பேரிடர் ஆயத்த அலுவலகத்தில் மனுக்களுக்குப் பதில் தயாரிப்பதும் அவள் வேலை. கீழே ஆணையர் கையெழுத்துப் போடுவார். அம்மாவுக்கு ஆணையரின் கையெழுத்துதான் தெரியும்.

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டியலம்மா என்று பெயர். ஊரில் எத்தனை படகு, எத்தனை பம்ப், எத்தனை ஸ்ட்ரெச்சர், நடக்க முடியாமல் தனியாக இருப்பவர்கள் எத்தனை பேர், எல்லாம் அவள் பட்டியலில் இருக்கும். இருப்பது எவ்வளவு, வேண்டியது எவ்வளவு, நடுவில் இல்லாதது எவ்வளவு. அதைக் கண்டுபிடித்து வழி சொல்ல வேண்டும். பதினேழு வருடமாகச் சொல்லி வருகிறாள்.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. இடது பக்கம் விழுந்துவிட்டது. தரைத்தளத்து வீடு. அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடுக்க அம்மா இங்கே வந்திருந்தாள். அப்பாவைப் பகலில் ஓர் ஆள் பார்த்துக்கொண்டார். தண்ணீர் விடியற்காலையில் வந்தது.

தம்பி தீயணைப்பு நிலையத்துப் படகோட்டி. அன்று நாற்பத்திரண்டு பேரை ஏற்றினான். அப்பாவை ஏற்றவில்லை.

அப்பாவின் காரியம் எல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பும் நேரத்தில், வாசலில் வைத்து அம்மா சொன்னாள். "ஊரையே ஏத்துனான். பெத்தவரை விட்டுட்டான்."

தம்பி செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். அதன்பின் அம்மா அவன் முகத்தில் விழிக்கவில்லை. அக்காவும் விழிக்கவில்லை.

"சனிக்கிழமை ஊர்க் கூட்டத்துல உங்க ஆபீஸ் அறிக்கையை வாசிக்கிறாங்களாமே?" என்றாள் அம்மா.

"ஆமா."

"முதல் வரிசையில உக்காருவேன்."

"நீ எப்பவும் அங்கதானே உக்காருவே."

"இந்தத் தடவை பதில் வாங்காம எழுந்திருக்க மாட்டேன். நாற்காலியோட தூக்கிட்டுப் போகட்டும்." அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "நீ இதைப் படிச்சுட்டு, தப்பு இருந்தா திருத்திக் கொடு. சாயங்காலம் கொடுத்தாப் போதும்."

பட்டியலம்மா மனுவை மடித்துப் பையில் வைத்தாள்.

*

கூட்ட அறையில் நாலு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, ஊர் வரைபடத்தை விரித்திருந்தார்கள். ஆறு நீலமாக ஓடியது. பக்கத்தில் ஒரு டப்பா நிறைய குண்டூசி.

இது அவள் கொண்டுவந்த முறை. ஒவ்வொரு துறையும் தன் பட்டியலோடு வர வேண்டும். பட்டியலில் இருக்கும் ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் ஊசி. ஊசித் தலையில் சின்னக் காகிதக் கொடி. கொடியில் செல்போன் நம்பர் மட்டும். பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். நம்பரை அப்படி எழுத முடியாது.

மூன்று பேர் வந்திருந்தார்கள். தீயணைப்பு நிலையத்து அதிகாரி. குரலுக்காக அவரை எல்லோரும் சைரன் என்பார்கள். அரசு மருத்துவமனையின் தலைமை நர்ஸ். நகராட்சியின் பம்ப் இன்ஜினியர், வேலைக்கு வந்து நாலு மாதம் ஆன இளைஞர்.

"விடிகாலை நாலு மணி," என்றாள் பட்டியலம்மா. "கரண்ட் இல்லை. பாலத்துக்கிட்ட தண்ணி பதினாலு அடி. உங்ககிட்ட என்ன இருக்கு?"

"ரெண்டு படகு." சைரனின் குரலில் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.

"ரெண்டும் ஓடுமா?"

"ஒண்ணு ஓடும். ஒண்ணு இருக்கு."

அவள் எழுதிக்கொண்டாள். இருப்பது இரண்டு. ஓடுவது ஒன்று.

"ஏழு பம்ப்," என்றார் இன்ஜினியர்.

"டீசல்?"

"கேட்டிருக்கோம் மேடம்."

"எப்போ?"

"அது எனக்கு முந்தின இன்ஜினியர் கேட்டது."

"அவருக்கு மாத்தல் வந்துடுச்சு. டீசல் வரலை," என்றார் சைரன்.

"சும்மா இருங்க சார்." தலைமை நர்ஸ் தன் தாளைப் பார்த்தார். "போன தடவை ஜெனரேட்டர் முங்கிப்போச்சு. இப்போ ரெண்டாவது மாடிக்கு ஏத்தியாச்சு."

"ரொம்ப நல்லது."

"சாவி கீழ்த்தளத்துல இருக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு நர்ஸே சிரித்துவிட்டார். "இன்னைக்கே மேல மாத்திடறேன்மா."

"இப்போ ஆளுங்க," என்றாள் பட்டியலம்மா. "குத்துங்க."

குத்தினார்கள். கால் மணி நேரத்தில் வரைபடம் கொடிகளால் நிறைந்தது. பார்த்தால் தைரியமாகத்தான் இருந்தது. எழுபத்தாறு பேர். ஊரைத் தூக்கி நிறுத்திவிடுவார்கள் போலிருந்தது.

அவள் குனிந்து ஒவ்வொரு கொடியாகப் படித்தாள். படகுத் துறையில் ஒரு கொடி. கடைசி நாலு எண்கள் ஏழு, ஏழு, பூஜ்யம், மூன்று. மருத்துவமனை வாசலில், நோயாளிகளை ஏற்ற ஒரு படகோட்டி. ஏழு, ஏழு, பூஜ்யம், மூன்று. பம்ப் நிலையத்தில் மாற்று ஆபரேட்டர். பள்ளிக்கூட முகாமில் இரவுப் பொறுப்பாளர்.

அந்த எண்ணை அவள் அழைத்து இரண்டு வருடம் ஆகிறது. விரலுக்கு மறக்கவில்லை.

"இது நாலு ஆள் இல்லை. ஒரு ஆள்," என்றாள்.

இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். "நாங்க எப்பவும் அவரைத்தான் கூப்பிடுவோம் மேடம். கூப்பிட்டா வந்துடுவார்."

"நாங்களும்," என்றார் நர்ஸ்.

"இவன் ஒரு ஆளா, ஒரு படையா?" சைரன் சத்தமாக ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் குரலை இறக்கினார்.

"நாலு மணிக்கு நாலு இடத்துலேருந்தும் கூப்பிட்டா, எங்க போவான்?" என்று கேட்டாள் அவள்.

அவள் மூன்று ஊசிகளைப் பிடுங்கினாள். எழுபத்தாறு, எழுபத்து மூன்றானது. அதோடு நிற்கவில்லை. மற்ற எண்களையும் சரிபார்த்தார்கள். நர்ஸுகளில் இருவர் முகாமிலும் இருந்தார்கள். தீயணைப்புக்காரர்களில் ஐந்து பேர் பம்ப் நிலையத்திலும் இருந்தார்கள். இன்னும் எட்டு எண்கள் இரண்டு இரண்டு இடத்தில் இருந்தன. கடைசியில் ஐம்பத்தெட்டு ஊசிகள் மிஞ்சின.

"வரைபடம் இளைச்சுப்போச்சு," என்றார் நர்ஸ்.

"இதுதான் நிஜ உடம்பு," என்றாள் பட்டியலம்மா. "அடுத்தது வீடுகள். தானா வெளியே வர முடியாதவங்க இருக்குற வீடு. இந்த வருஷக் கணக்கு இருநூத்தி எழுபத்தஞ்சு. போன வெள்ளத்துல எத்தனை வச்சிருந்தோம்? எங்க ஆபீஸ் பிரதி தண்ணியில போயிடுச்சு."

"என் பீரோவுல ஒண்ணு இருக்கு," என்றார் சைரன்.

தீயணைப்பு நிலையம் முற்றத்தின் அந்தப் பக்கம்தான். அவரே போய் எடுத்துவந்தார். காக்கி உறை. உள்ளே இருந்த தாள்கள் ஓரத்தில் ஊதி, காய்ந்து, அப்பளம் போல மொரமொரத்தன.

முந்நூற்று நாற்பது வீடுகள். அவற்றில் அறுபத்தொன்றின் மேல் கோடு. ஸ்கேல் வைத்து, நீல மையில், நேராக. கடைசிப் பத்தியில் காரணம் எழுதியிருந்தது. மருமகன், ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அண்ணன், ஊர்க்காவல் படை. மகள், நர்ஸ்.

அவளுக்கு அந்தப் பத்தி தெரியும். அவள் உருவாக்கியது.

வெள்ளம் வந்த அதே வருடம், மழைக்கு முன்பு. முந்நூற்று நாற்பது வீடுகள், ஓடுகிற படகு ஒன்று. நடுவில் இருந்த இடைவெளியை அடைக்க வழி கேட்டார்கள். அவள் ஒரே மதியத்தில் வழி சொன்னாள். மீட்புப் பணியில் நெருங்கிய உறவு இருக்கும் வீடுகளை எடுத்துவிடலாம். அவர்களை எப்படியும் அவர்கள் ஆள் பார்த்துக்கொள்வார். அறுபத்தொரு வீடு குறைந்தது. அப்போதிருந்த ஆணையர் கை தட்டினார். டீ வரவழைத்தார்.

சொந்தக்காரர்கள் இருக்கும் வார்டை அவரவர் தொடக் கூடாது என்பது அலுவலக விதி. அதனால் அப்பா வீடு இருந்த ஒன்பதாவது வார்டு வேறொருவரிடம் போனது. அந்தப் பக்கங்களை அவள் பார்த்ததே இல்லை.

இப்போது பார்த்தாள்.

வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு. ஆண், எழுபத்து நான்கு. இடது பக்கம் செயலற்றவர். தரைத்தளம். மேலே கோடு. ஓரத்தில், மகன், படகோட்டி.

விரல் அந்த இடத்தில் நின்றது.

"இந்தப் பிரதி எங்கேருந்து வந்தது சார்?"

"படகுலேருந்து. அன்னைக்கு ஓட்டுறவங்க கையில கொடுத்தனுப்புனது இதுதான்."

"என் தம்பி கையிலயா?"

சைரன் தலையாட்டினார்.

"ரெண்டு வருஷமா உங்ககிட்ட இருக்கு. ஏன் சார் கொடுக்கலை?"

"யாராவது கேட்டா கொடுக்கலாம்னுதான் பத்திரமா வச்சிருந்தேன்." அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கம்மா மனு கொடுத்ததெல்லாம் தெரியும். உங்க ஆபீஸ்லேருந்து கடிதம் வரும்னு பார்த்தேன். வரலை. நீங்கதானேம்மா அதைப் பார்க்கிறீங்க?"

அவள்தான் பார்த்தாள். பன்னிரண்டு முறையும் பழைய பதிலைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றினாள். தம்பி செய்த தப்பைக் கிளற வேண்டாம், குடும்ப மானம் வெளியே போக வேண்டாம் என்று. தம்பியைக் காப்பாற்றுவதாக நினைத்திருந்தாள்.

*

படகுக் கொட்டகை ஆற்றோரம். தம்பி இரண்டாவது படகின் இன்ஜினைக் கழற்றிச் சாக்கு மேல் பரப்பியிருந்தான். முழங்கை வரை கிரீஸ். தம்பி மனைவி சாப்பாட்டு டப்பாவோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க அண்ணி," என்றாள் அவள். எழுந்திருக்கவில்லை. "வழி தெரிஞ்சுதா? யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கலையே?"

"சும்மா இரு," என்றான் தம்பி.

"நான் என்ன சொன்னேன்? வந்தவங்களை வாங்கன்னேன்."

பட்டியலம்மா உறையைத் திறந்து அந்தத் தாளை நீட்டினாள். தம்பி வாங்கவில்லை. கையில் கிரீஸ் இருந்தது. கிரீஸ் இல்லாமலிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டான். ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான்.

"உனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"அன்னைக்கேதான்." ஒரு நட்டைத் திருகினான். அது அசையவில்லை. "ஆஸ்பத்திரியில பதினோரு பேரை ஏத்துனேன். எல்லாரும் டயாலிசிஸ் கேஸு. திரும்புறப்போ அப்பா வீட்டுக்கு யாரு போறாங்கன்னு பார்க்க லிஸ்ட்டைப் பிரிச்சேன். பேரு மேல கோடு. பக்கத்துல நான்."

"அப்போ ஏன் நேரா..."

"படகுல பதினோரு பேரு அக்கா. ஒரு அம்மா உக்காரவே முடியாம சாஞ்சு கிடந்தாங்க. அவங்களை இறக்கிட்டுப் போனேன்." ஸ்பேனரை மாற்றினான். "முக்கால் மணி நேரம் ஆச்சு."

ஆற்றில் தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. நடுவில் மணல் திட்டு. அதன் மேல் ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது.

தம்பி மனைவி தாளை வாங்கிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். "இது என்ன கோடு?"

"நான் போட்ட விதி," என்றாள் பட்டியலம்மா.

"நீங்களா?"

"நான்தான்."

தம்பி மனைவி எழுந்தாள். டப்பா கீழே விழுந்தது. எடுக்கவில்லை. "ரெண்டு வருஷம். அப்பனைக் கொன்னவன்னு கடைக்காரன்கூட ஜாடையா பேசுறான். பாதித் தூக்கத்துல எழுந்து சுவரைப் பார்த்து உக்காந்திருக்கு இந்த மனுஷன். என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை." கணவன் பக்கம் திரும்பினாள். "என்கிட்டகூடச் சொல்லலை இல்ல?"

"சொன்னா நீ அம்மாகிட்ட போய் நிப்பே."

"நிப்பேன்தான்!"

"அதான் சொல்லலை."

தம்பி ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். அக்காவை அப்போதுதான் நேராகப் பார்த்தான்.

"அந்த விதி உன்னோடதுன்னு நீதான் முன்னாடி என்கிட்ட பெருமையா சொல்லியிருக்கே. அம்மாவுக்கு நான் வேண்டாம்னு ஆயிடுச்சு. நீ ஒருத்திதான் மிச்சம். உன்னையும் வேண்டாம்னு சொல்லிட்டா, அம்மா யார் வீட்டுல போய் இருக்கும்? அறுபத்தெட்டு வயசுல?"

"அறிக்கையில இதை எழுதணும்டா."

"கோட்டை எடுத்துடு. அறுபத்தோரு வீட்டையும் திரும்பச் சேர்த்துடு. ஏன்னு எழுதாதே."

"ஏன்னு எழுதலைன்னா, அடுத்த வருஷம் படகு பத்தலைன்னு இன்னொருத்தர் இதே கோட்டைப் போடுவார். நானும் கெட்டது நினைச்சுப் போடலை. புத்திசாலித்தனம்னு நினைச்சுத்தான் போட்டேன்."

"சனிக்கிழமை அம்மா முதல் வரிசையில உக்காந்திருக்கும்."

"அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

தம்பி சிரிப்பது போல உதட்டைச் சுளித்தான். "சொல்லிட்டு?"

அவள் தம்பி மனைவியிடமிருந்து தாளை வாங்கி உறையில் வைத்தாள்.

"எழுதுங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி. குரல் உடைந்திருந்தது. கோபம் குறையவில்லை. "எழுதுங்க. அதுக்காக நான் உங்களை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க."

"நினைக்கலை."

கிளம்பும்போது தம்பி பின்னாலிருந்து கேட்டான். "சாப்பிட்டியா?"

"இல்லை."

அவன் விழுந்து கிடந்த டப்பாவைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பிறகு அவள் நடந்தாள்.

*

ஆணையர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை மூன்று தடவை படித்தார். நல்ல மனிதர். போன ஆணையருக்குப் பிறகு வந்தவர்.

"வீட்டு எண்ணிக்கை அறுபத்தொண்ணு கூடுது. சரி. இரட்டைக் கணக்கு பதினெட்டு பேர். சரி. இன்னொரு படகோட்டியைப் பழக்கணும், டீசலை இந்த வாரமே வாங்கணும். எல்லாம் சரி." பேனாவால் ஒரு வரியைத் தொட்டார். "இந்த விதியால ஓர் உயிர் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. விதியை யார் போட்டதுங்கிறதும் வேணுமா? நடைமுறைக் குறைபாடுன்னு போட்டா முடிஞ்சுது."

"யார்னு தெரிஞ்சா, எப்படி யோசிச்சாங்கன்னு கேக்கலாம் சார்."

"யார் கேக்கப் போறாங்க?"

"முதல் வரிசையில ஒருத்தங்க கேப்பாங்க."

அவர் அவளைப் பார்த்தார். எதுவோ புரிந்த மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டார். "லீவு வேணும்னா எடுத்துக்கோங்க," என்றார். தவறாக எண்ணிச் சொல்லவில்லை. ஆனாலும் கதவுக்கு வெளியே வந்த பிறகு, அலுவலகத்தில் எல்லோரும் ஏதோ வேலையாக இருந்தார்கள். ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை.

*

வீட்டில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"படிச்சியா? தப்பு இருக்கா?"

"தப்பு இல்லைம்மா. நீ அதைக் கொடுக்க வேண்டாம்."

"ஏன்?"

"பதில் இருக்கு."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

பட்டியலம்மா எதிரில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் யோசித்திருந்தாள். உட்கார்ந்ததும் யோசித்தது எல்லாம் போய்விட்டது. அலுவலகத்தில் சொல்வது போலவே சொன்னாள். முந்நூற்று நாற்பது வீடு, ஒரு படகு, ஒரு விதி. விதி என்னுடையது. அப்பா பெயர் மேல் கோடு. தம்பி பதினோரு பேரை இறக்கிவிட்டுப் போனான். முக்கால் மணி நேரம்.

கேட்டு முடித்தபின் அம்மா கணக்கு கேட்பது போலக் கேட்டாள்.

"எத்தனை பேரை அடிச்சே?"

"அறுபத்தொண்ணு."

"மத்தவங்க?"

"மத்த அறுபது வீட்டுக்கும் யாராவது போயிட்டாங்க."

"உங்கப்பாவுக்குத்தான் ஆள் இல்லை."

"ஆமா."

"அவனுக்கு இது தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். உன்கிட்ட சொல்லலை. உனக்கு நான் ஒருத்தியாவது இருக்கணும்னு."

அம்மாவின் வாய் கோணியது. நேரானது. "நீ வேணும்னு செய்யலை," என்றாள். மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போல. "நானும் அன்னைக்கு உங்கப்பாவை விட்டுட்டு இங்கதான் இருந்தேன். வேணும்னா இருந்தேன்?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அம்மாவின் கை மேஜை மேல் அவள் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

"இன்னொண்ணு இருக்கும்மா."

கை நின்றது.

"உனக்கு வந்த பதிலெல்லாம் நான் எழுதுனது."

அம்மாவுக்குப் புரியவில்லை. "எந்தப் பதில்?"

"பரிசீலனையில் உள்ளதுன்னு."

"பன்னிரண்டுமா?"

"பன்னிரண்டும்."

வெங்காயத்தின் நெடி அறை முழுக்க இருந்தது. அம்மா கண்ணைத் துடைக்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வரவும் இல்லை.

"இங்க என் பக்கத்துல உக்காந்து, டீ குடிச்சுட்டு," என்றாள் அம்மா. "நான் படிச்சுக் காட்டுவேனே. கேட்டுட்டு இருந்தியே."

"அம்மா..."

"காலையிலகூடக் கேட்டுட்டு இருந்தே."

அம்மா எழுந்தாள். கையைக் கழுவினாள். முகம் கழுவினாள். உள்ளே போய் வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். கைப்பையை எடுத்தாள். செருப்பைப் போட்டாள்.

"எங்கேம்மா போறே?"

அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அடித்துச் சாத்தவில்லை. சாதாரணமாகச் சாத்தினாள்.

பட்டியலம்மா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். மணி ஆறே முக்கால். அம்மா எங்கே போவாள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடம் பார்க்காத மகன். கொட்டகைக்குப் பக்கத்துத் தெருவில்தான் அவன் வீடு. நடந்தால் இருபது நிமிடம். கதவைத் திறந்ததும் அவன் என்ன செய்வான் என்று நினைத்துப் பார்த்தாள். தம்பி மனைவி இப்போதாவது எழுந்து நிற்பாள்.

நல்லதுதான் என்று நினைத்தாள். அவர்கள் மூன்று பேரும் ஓர் அறையில் இருப்பார்கள். அங்கே இவள் பேச்சு வரும். வரட்டும்.

மீதி வெங்காயத்தை நறுக்கினாள். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ டிவியில் சிரித்தார்கள். இங்கே இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அதைத் திரும்ப எடுத்துவந்து இருந்த இடத்திலேயே கவிழ்த்தாள்.

எட்டு மணிக்குப் பொறுக்க முடியவில்லை. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிடலாம். அந்த எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"அம்மா சாப்பிட்டுச்சா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"அம்மா. அங்க சாப்பிட்டுச்சா?"

"அம்மா இங்க எதுக்கு வருது?"

அவள் எழுந்து நின்றாள்.

"சொல்லிட்டேன்டா. ஆறே முக்காலுக்குக் கிளம்பிப் போச்சு."

"இங்க வரலை." அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். "எந்தப் பக்கம் போச்சு?"

"பார்க்கலை."

"போன் எடுத்துட்டுப் போயிருக்கா?"

மேஜையைப் பார்த்தாள். அம்மாவின் போன் வெங்காயத் தோலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இல்லை."

"ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு அக்கா. நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"உன்கிட்டதான் வரும்னு இருந்துட்டேன்."

தம்பி சாவிக்கொத்தை எடுக்கும் சத்தம் கேட்டது.

"நீ ஆத்துப் பாலத்துப் பக்கம் வா," என்றான். "நான் அப்பா இருந்த பழைய வீட்டுக்குப் போறேன். போனை வச்சுடாதே. பேசிட்டே வா."

அவள் பேசவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் படி இறங்கினாள்.